மாமியார் வண்டி

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. அது லைசென்ஸிலும் தண்ணீர் வரி ரசீதிலும் மட்டும் குடியிருந்தது. தெருவுக்கு அவர் கரண்டு; வயதில் சின்னவர்களுக்குக் கரண்டு அண்ணன். மோட்டார் சைக்கிள்களுக்கு ஒயரிங் வேலை பார்ப்பதால் வந்த பெயர் என்று அவர் சொல்லிக்கொள்வார். தொட்டால் சுர்ரென்று ஏறும் கோபத்தால் வந்தது என்று மற்றவர்கள் சொல்வார்கள், அதுவும் அவர் காதில் விழாத தூரத்தில். எல்லோருடைய வண்டியும் என்றைக்காவது ஒருநாள் அவர் கடை வாசலில் போய் நின்றாக வேண்டுமே.

கடை என்றால் ஒரே ஒரு ஷட்டர். வாசலில் இரண்டு வண்டி நிற்கலாம். மூன்றாவது நின்றால் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் சண்டைக்கு வருவார். உள்ளே ஒரு பலகை மேஜை, சுவர் நிறைய ஆணி, ஆணி நிறைய ஒயர்ச் சுருள். சால்டரிங் புகை பட்டுப் பட்டு மேஜைக்கு மேலிருந்த சுவர் பழுப்பாகிவிட்டது. கூரையில் தொங்கிய ஃபேன் மூன்று வருடமாகச் சுற்றவில்லை. ஊர் வண்டிக்கெல்லாம் ஒயர் மாட்டுகிற ஆள் சொந்த ஃபேனைச் சரி பண்ணக் கூடாதா என்று யாராவது கேட்டால், "அது வேற டிபார்ட்மெண்ட்" என்பார். சிரிக்கவும் மாட்டார்.

அவருடைய பெருமையெல்லாம் விரல்களில் இருந்தது. வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே வலது கை சீட்டுக்கு அடியில் போய்விடும். ஒயரும் ஒயரும் சேருகிற இடத்தில் ஒன்றுக்குள் ஒன்று செருகுகிற பிளாஸ்டிக் இணைப்பு இருக்கும், கப்ளர் என்பார்கள். அந்தக் கப்ளர்களை ஒவ்வொன்றாகத் தடவி, தளர்ந்திருந்தால் அழுத்திவிட்டுக் கை திரும்பி வரும். வாய் பாட்டுக்குப் பெட்ரோல் விலையைத் திட்டிக்கொண்டிருக்கும். பாதி வண்டிகள் அதிலேயே சரியாகிவிடும். "என்னண்ணே கோளாறு?" என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கை போச்சு, சரியாச்சு, அவ்வளவுதான். இதை ஒரு பெரிய வித்தையாக நினைத்து மார்தட்டிக்கொண்டார்.

இப்படி ராஜாவாக இருந்தவர் வாழ்க்கையில் கம்ப்யூட்டர் வண்டிகள் வந்து சேர்ந்தன. பழைய வண்டியில் ஒரு ஸ்விட்ச், ஒரு ஒயர், ஒரு பல்பு. எரிந்தால் எரியும், போனால் போகும். வண்டி அதைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் வைத்துக்கொள்ளாது. புது வண்டி அப்படியில்லை. சீட்டுக்கு அடியில் சின்னப் பெட்டியாக ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்துகொண்டு, எந்த விளக்குக்கு எவ்வளவு மின்சாரம் போகிறது என்று அளந்துகொண்டே இருக்கும். ஏதாவது பிடிக்கவில்லை என்றால் மீட்டரில் மஞ்சள் முக்கோணம் காட்டி ஊரைக் கூட்டும். முதல் வாரமே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்: மாமியார் வண்டி. என்ன செய்தாலும் பார்த்துக்கொண்டே இருக்கும், என்ன செய்தாலும் ஒரு குறை சொல்லும். இந்தப் பெயரைக் கடையில் மட்டும்தான் சொல்வார். வீட்டில் நிஜ மாமியார் இருந்தார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

முதல் மாமியார் வண்டியைக் கொண்டுவந்தவர் போட்டோ ஸ்டூடியோக்காரர். கம்பெனி போட்ட பின்விளக்கு பூசணிக்காய் மாதிரி இருக்கிறதாம். ஒல்லியாக ஒரு எல்.இ.டி. விளக்கை ஆன்லைனில் வாங்கி வந்திருந்தார். கரண்டு பத்தே நிமிடத்தில் மாட்டினார். சாவியைத் திருப்பினால் பின்னால் சிவப்புக் கோடு ஜம்மென்று எரிந்தது. முன்னால் மீட்டரில் மஞ்சள் முக்கோணமும் ஜம்மென்று எரிந்தது. பின்விளக்கு பழுதாம்.

"கண்ணு முன்னாடி எரியுது, செத்துப்போச்சுங்குது பாருங்க!" என்று கத்தினார் கரண்டு. விளக்கைக் கழற்றி மாட்டினார். வேறு விளக்கு வாங்கி மாட்டினார். பேட்டரியைக் கழற்றி வைத்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து மாட்டினார். முக்கோணம் அசைந்து கொடுக்கவில்லை. விளக்குக் கம்பெனிக்கும் வண்டிக் கம்பெனிக்கும் போன் போட்டார்; இரண்டு பேரும் அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து மல்டிமீட்டரை வைத்து அளந்து பார்த்தபோதுதான் மண்டையில் உறைத்தது. கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. விளக்கு எரிகிறதா என்று அது பார்ப்பதே இல்லை. மின்சாரம் எவ்வளவு செலவாகிறது என்று மட்டும்தான் பார்க்கிறது. பழைய பல்பு தட்டு நிறையச் சாப்பிடும். எல்.இ.டி. இரண்டு வாய் கொறித்துவிட்டு எழுந்துவிடும். தட்டு அப்படியே இருப்பதைப் பார்த்து, சாப்பிட ஆளில்லை, பல்பு செத்துவிட்டது என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டிவிடுகிறது.

இதற்கு மருந்து சுலபம். விளக்குக்குப் போகும் ஒயரில் பக்கவாட்டில் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்துவிட்டால் மிச்சத்தையெல்லாம் அது தின்றுவிடும். விரல் நீளத்தில் ஒரு சாமான். வெளிச்சம் தராது, ஒரு துரும்பைக்கூட நகர்த்தாது. தின்று சூடாவது ஒன்றுதான் அதன் உத்தியோகம். இதைச் சாப்பாட்டு மேஜையில் அவர் விளக்கிச் சொன்னபோது மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டாள்.

சூடாகும் என்று தெரிந்தும், முதல் ரெசிஸ்டரை இன்சுலேஷன் டேப்பால் பின் மட்கார்டு பிளாஸ்டிக்கில் சுற்றி ஒட்டிவிட்டார். ஸ்டூடியோக்காரர் சிக்னலில் நின்றிருந்தபோது கருகின வாடை அடித்தது. மனிதர் குதித்து இறங்கி, தன் பேண்ட்டின் பின்பக்கத்தைத் தானே படபடவென்று அடித்துக்கொண்டு நடுரோட்டில் ஆடியதை இரண்டு பஸ் நிறைய ஜனங்கள் பார்த்தார்கள். பேண்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மட்கார்டில் ஒரு ஓட்டை. அதற்குப் பிறகு ரெசிஸ்டரை வண்டியின் இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கக் கற்றுக்கொண்டார். சூடு இரும்பில் பரவிக் கரைந்துவிடும்.

அப்புறம் அவருக்குத் தலைகால் புரியவில்லை. வாசலில் பலகை எழுதி மாட்டினார்: 'மஞ்சள் முக்கோணம் தொல்லையா? உடனே அணைத்துத் தரப்படும்.' சர்வீஸ் சென்டரில் கையை விரித்த வண்டிகளெல்லாம் இங்கே வந்து நின்றன. ஜெராக்ஸ் கடைக்காரர் சண்டை போட்டுப் போட்டு ஓய்ந்துபோனார். வேலை முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் கரண்டுக்கு ஒரே வசனம்தான்: "லஞ்சம் கொடுத்தாச்சு. இனிமே வாயைத் திறக்காது." சிரிக்காதவர்களுக்கு இன்னொரு தடவை சொல்வார்.

இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. ரெசிஸ்டர் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும்வரை, விளக்கு நிஜமாகவே அணைந்துபோனாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியப்போவதில்லை. தட்டு காலியானால் அதற்குப் போதும். யார் தின்றார்கள் என்று கேட்காது. கரண்டுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். எல்.இ.டி. அவ்வளவு சீக்கிரம் போகாது, தன் கை மாட்டியது கழன்றுகொள்ளாது, அதனால் இதை வாடிக்கையாளரிடம் சொல்லி வீணாகக் கலவரப்படுத்த வேண்டாம் என்று அவரே தீர்மானித்துக்கொண்டார்.

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் வேலை, சலவைப் பிரிவில் மேற்பார்வை. ஐந்தரைக்கு ஷிப்ட். பொழுது விடிவதற்கு முன்னாலேயே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். பழைய வண்டி மக்கர் பண்ணியதால் புது வண்டி வாங்கினாள். அதுவும் மாமியார் வண்டிதான். பின்விளக்கை மாற்ற வேண்டும் என்று அவள் கேட்கவே இல்லை.

"எனக்கு இருக்கறதே போதுங்க. நான் என்ன, பின்னாடி திரும்பிப் பாத்து ரசிச்சுக்கிட்டா ஓட்டப் போறேன்?"

"கரண்டு பொண்டாட்டி வண்டியில பழைய பல்பா? கடைக்கு அசிங்கம். நீ போய்த் தலைக்குக் குளிச்சுட்டு வா, முடிச்சுடறேன்."

அவள் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது முடித்திருந்தார். பின்விளக்கு, பிரேக் விளக்கு இரண்டும் ஒரே கப்ளர் வழியாக; ரெசிஸ்டர்கள் கப்ளருக்கு முன்னாலேயே, தனியாகச் சட்டத்தில்.

"மீட்டர்ல ஏதாவது காட்டினா நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டாள்.

"காட்டாது. அதுக்கெல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு."

மாமியார் அந்த வீட்டுக்கு வந்தது கண் ஆபரேஷனுக்காக. வலது கண்ணுக்கு முடிந்துவிட்டது. கண் தெளிந்ததும் கிளம்புவார் என்று கரண்டு கணக்குப் போட்டிருந்தார். கண் தெளிந்ததும் அவர் வீட்டைச் சுற்றிப் பார்க்க ஆரம்பித்தார். குழாய் சொட்டுகிறது என்றார். குழம்பில் உப்பு தூக்கல் என்றார். எலெக்ட்ரிக் வேலை பார்க்கிறவர் வீட்டில் காலிங் பெல் அடிக்கவில்லையே என்றார். கரண்டு எல்லாவற்றுக்கும் "பாக்கறேன் அத்தை" என்று சொல்லிவிட்டு எதையும் பார்க்கவில்லை. மாமியாரும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

தினமும் மகள் கிளம்பும்போது அவர் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு, வண்டி தெருமுனையில் திரும்பும்வரை நிற்பார். ஒருநாள் அப்படி நின்றுவிட்டு உள்ளே வந்தார். கரண்டு வாய் நிறையப் பேஸ்ட் நுரையோடு நின்றிருந்தார்.

"மாப்பிள்ளை, அவ வண்டியில பின்னாடி செவப்பு லைட்டு எரியலையே."

"எரியும் அத்தை."

"எரியலைங்கறேன். முனை வரைக்கும் பாத்தேன். ஒரே இருட்டு."

"எரியலைன்னா வண்டியே சொல்லிடும் அத்தை. அதுல கம்ப்யூட்டர் இருக்கு."

"அது என்ன சொல்லுதோ எனக்குத் தெரியாது. நான் கண்ணால பாத்ததைச் சொல்றேன்."

கரண்டு துப்பிவிட்டு வாயைத் துடைத்தார். "உங்களுக்கு ஆபரேஷன் பண்ணி இன்னும் பத்து நாள்கூட ஆகல. டாக்டரே கொஞ்ச நாளைக்கு மங்கலாத்தான் இருக்கும்னு சொல்லலையா? அவகிட்ட போய் இதைச் சொல்லிப் பயமுறுத்தாதீங்க. நான் பாத்துக்கறேன்."

சாயங்காலம் மனைவி வந்து வண்டியை நிறுத்தினாள். பத்தடி நடந்துபோய்ச் சாவியைத் திருப்பிப் பார்த்திருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"மீட்டர்ல ஏதாவது காட்டுச்சா?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்.

"ஒண்ணும் காட்டலையே. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்." சொல்லிவிட்டு உள்ளே இருந்த மாமியார் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பரீட்சையில் முதல் மார்க் வாங்கினவன் பார்வை.

இந்த அநியாயத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் வண்டியைக் கண்டாலே ஆகாது என்றவர் இவர். அதன் வாயை லஞ்சம் கொடுத்து அடைத்ததும் இவர்தான். இப்போது அதே வண்டி வாயைத் திறக்கவில்லை என்பதைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, கண்ணால் பார்த்த மனுஷியைப் பொய்யாக்கிவிட்டார். மாமியார் இன்னும் இரண்டு காலை அதையே சொன்னார். இரண்டு தடவையும் அவருடைய கண்ணைப் பற்றியே பேசி அனுப்பினார் கரண்டு. நாலாவது நாள் மாமியார் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

அதற்கு அடுத்த வாரம், தூறல் விழுந்த ஒரு விடியற்காலையில் போன் வந்தது.

வேகத்தடைக்கு முன்னால் மனைவி பிரேக் பிடித்திருக்கிறாள். பின்னால் வந்த முட்டை வேன் கடைசி நொடியில்தான் அவளைப் பார்த்திருக்கிறது. வேன்காரர் ஸ்டியரிங்கை ஒடித்தும் முட்டிவிட்டார். அவள் ஓரத்துச் சேற்றில் போய் விழுந்தாள். வேனுக்குள் முட்டை அடுக்கெல்லாம் சரிந்து நொறுங்கின. அந்த முட்டைக் குழம்பிலேயே ஓர் இடம் ஒதுக்கி, வேன்காரர்தான் அவளைத் தூக்கிப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தார். அவள் வேலை பார்க்கிற அதே ஆஸ்பத்திரி. கரண்டு ஓடிப்போய்ப் பார்த்தபோது, முந்தாநாள் அவளே துவைத்து மடிக்க அனுப்பிய போர்வை ஒன்றில், தோள்பட்டை எலும்பு உடைந்து, முழங்காலில் ஏழு தையலோடு படுத்திருந்தாள். தலைமுடியில் முட்டை நாற்றம்.

அவர் அழுதுவிட்டார். அவளுக்கு அழ நேரமில்லை, அவ்வளவு கோபம்.

"பின்னாடி லைட்டே இல்லைன்னு சொல்றான்ங்க அந்த ஆளு! யாரு வண்டியில? நீங்க மாட்டின லைட்டு, அது எப்படி எரியாம போகும்? மீட்டர்ல ஒண்ணுமே காட்டல. போலீஸ்கிட்ட அடிச்சுச் சொல்லிட்டேன். அவன் தூங்கிட்டு ஓட்டியிருக்கான்."

கரண்டுக்கு ரத்தம் கொதித்தது. அந்த வேன்காரனை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவது என்று நேரே ஸ்டேஷனுக்குப் போனார். வண்டி ஸ்டேஷனுக்குப் பின்புறத்து முற்றத்தில், பறிமுதலான சைக்கிள்களுக்கு நடுவே நின்றிருந்தது. ஹேண்டில் வளைந்திருந்தது, ஒரு கண்ணாடி இல்லை. பின்விளக்கில் மட்டும் ஒரு கீறல்கூடக் கிடையாது. சாவி உள்ளே இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று கான்ஸ்டபிள் போனார்.

காத்திருக்கிற நேரத்தில், அவரைக் கேட்காமலே வலது கை வேலைக்குப் போய்விட்டது. சீட்டுக்கு அடியில் நுழைந்து, தடவி, அழுத்தியது. டக்.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியாததா? முழுதாகச் செருகியிருந்த கப்ளர் டக் என்று சொல்லாது. அதிர்வில் தளர்ந்து, தண்ணீர் இறங்கி, எத்தனையோ நாளாகத் தொட்டும் தொடாமலும் தொங்கிக்கொண்டிருந்த கப்ளர்தான் அப்படிச் சொல்லும். அவர் கையை வெளியே எடுத்தார். கான்ஸ்டபிள் சாவியோடு வந்து திருப்பினார். சிவப்புக் கோடு பளிச்சென்று எரிந்தது.

"அட, எரியுதே! அந்த ஆளு புளுகறான்யா. நாளைக்கு இன்ஸ்பெக்டர் முன்னாடி வெச்சு எழுதிக்கலாம், ரெண்டு தரப்பும் வாங்க."

கரண்டு அந்தக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நகர்ந்தார். வாசலுக்கு வந்தபோது வேன்காரர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் காய்ந்த மஞ்சள் கரு. கரண்டைப் பார்த்ததும் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"சத்தியமா லைட்டு இல்லீங்க. இருந்திருந்தா நான் ஏங்க இடிக்கப் போறேன்? லைசென்ஸ் போயிடும்ங்கறாங்க. எனக்கு இது ஒண்ணுதான் தெரிஞ்ச தொழில்."

உண்டு இல்லை என்று பண்ண வந்தவர், தலையைக் குனிந்துகொண்டு ரோட்டைக் கடந்தார்.

வீட்டில் மாமியார் காத்திருந்தார். கரண்டு தயாராகத்தான் போனார். மூன்று தடவை சொன்னேனே என்பார், என்னைக் குருடி ஆக்கினீர்களே என்பார், சொல்லட்டும், செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம். மாமியார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"லைட்டு நல்லா எரியுதாமே மாப்பிள்ளை? அவ போன்ல சொன்னா, கான்ஸ்டபிள் வந்து சொன்னாராம்." கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார். "அப்ப என் கண்ணுதான் சரியில்ல. மூணு நாளா உங்களைப் போட்டு நச்சரிச்சுட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. நாளான்னிக்கு அந்த டாக்டர்கிட்ட என்னை ஒரு தடவை கூட்டிட்டுப் போயிடுங்க. இன்னொரு கண்ணும் இப்படியே ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

கரண்டு தண்ணீரைக் குடிக்காமலே கீழே வைத்தார். பேசாமல் இருந்துவிட்டால் எல்லோருக்கும் நல்லவராக இருந்துவிடலாம். மனைவி அவரைத்தான் தலையில் வைத்துக் கொண்டாடுகிறாள். கடைப் பெயர் கெடாது. போலீஸும் அவர் பக்கம். முட்டை வேன்காரருக்கு லைசென்ஸ் போகும். இந்த மனுஷி நன்றாகத் தெரிகிற கண்ணைக் குருடென்று நம்பிக்கொண்டு சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருப்பார். சொல்லிவிட்டாலோ, பெண்டாட்டியைத் தன் கையாலேயே இருட்டில் அனுப்பி வைத்தவன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். மற்றதெல்லாம் அவருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அது ஒன்றுதான் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு முற்றத்தில் எல்லோரும் கூடினார்கள். டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு மனைவி ஆட்டோவில் வந்து இறங்கினாள். இன்ஸ்பெக்டர் சாவியைத் திருப்பினார். சிவப்பு. பிரேக்கை அழுத்தினார். இன்னும் பளீரென்று சிவப்பு. வேன்காரர் பேய்முழி முழித்தார்.

"நான் சொல்லல சார்?" என்றாள் மனைவி. "எங்க வீட்டுக்காரர் இருபத்தஞ்சு வருஷமா இந்த வேலை பாக்கறார்."

இன்ஸ்பெக்டர் பேப்பரை எடுத்து எழுத ஆரம்பித்தார். வேன்காரர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு, "அப்ப எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு போல சார்" என்றார்.

நேற்று மாமியார் சொன்ன அதே பேச்சு. கரண்டுக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை.

"சார், ஒரு நிமிஷம்."

சீட்டுக்கு அடியில் கையை விட்டார். இந்தத் தடவை அவர்தான் கையை அனுப்பினார். கப்ளரைப் பிடித்து இழுத்தார். விளக்கு அணைந்தது.

"இப்ப முன்னாடி போய் மீட்டரைப் பாருங்க சார்."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். முக்கோணம் இல்லை. எல்லாம் சௌக்கியம் என்கிற மாதிரி மீட்டர் சமர்த்தாக இருந்தது.

"என்னய்யா இது? பின்னாடி ஒண்ணும் எரியல, வண்டி கம்முனு இருக்கு?"

"நான்தான் சார் அதோட வாயை அடைச்சேன்." கரண்டு எல்லாவற்றையும் சொன்னார். ரெசிஸ்டரைச் சொன்னார். தட்டு நிறையத் தின்கிற கதையைச் சொன்னார். நேற்று சாவி வருவதற்குள் கை தானாகப் போய்க் கப்ளரை அழுத்திவிட்டதையும் சொன்னார். "லைட்டு எரியல சார். அவர் சொன்னது நிஜம். பின்விளக்கும் இல்ல, பிரேக் லைட்டும் இல்ல. இருட்டுல யாரு வந்திருந்தாலும் இடிச்சுத்தான் இருப்பாங்க."

"தடயத்தைக் கலைச்சதுக்கு உன்னைத் தூக்கி உள்ள வைக்கணும், தெரியுமா?" என்று எகிறினார் இன்ஸ்பெக்டர். எழுதின பேப்பரைக் கசக்கிவிட்டு வேறு பேப்பர் தேடினார். வேன்காரர் அங்கேயே ஒரு சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

கரண்டு மனைவி பக்கம் திரும்பவே இல்லை. அவள்தான் கிட்டே வந்தாள்.

"எத்தனை நாளா எரியல?"

"பத்துப் பதினோரு நாள் இருக்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அத்தை பாத்துட்டுச் சொன்னாங்க. மூணு தடவை. நான்தான் கண்ணு சரியில்லைன்னு சொல்லிட்டேன். உங்கிட்ட சொல்லவும் விடல."

அவள் அவரை அறைவாள் என்று கரண்டு நினைத்தார். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் நல்ல கையால் பையைத் துழாவி, போனை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"முதல்ல அம்மாகிட்ட சொல்லுங்க."

போன் போட்டார். உங்கள் கண்ணுக்கு ஒன்றுமில்லை, நீங்கள் பார்த்ததுதான் சரி, தப்பெல்லாம் என்னுடையது என்று தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார்.

"அப்ப டாக்டர்கிட்ட போக வேண்டாமா மாப்பிள்ளை?" என்று கேட்டார் மாமியார். "நல்லதாப் போச்சு. அந்த மருந்து ரொம்ப எரியுது."

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது கரண்டு அழுதுகொண்டிருந்தார். கான்ஸ்டபிள், வேன்காரர், வாசலில் நின்ற ஆட்டோக்காரர் எல்லோரும் பார்க்கப் பார்க்க மூக்கை உறிஞ்சினார். மன்னித்துவிடு என்று சொல்லப் பார்த்தார். அவள் கையமர்த்தினாள்.

"இதே மாதிரி இன்னும் எத்தனை பேர் வண்டிக்கு மாட்டினீங்க?"

"நாப்பது... நாப்பத்தஞ்சு இருக்கும்."

"அவங்ககிட்ட சொல்லியிருக்கீங்களா, லைட்டு போனா வண்டி சொல்லாதுன்னு?"

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"அந்த வண்டியெல்லாம் இப்ப எங்க இருக்கு?"

கரண்டு மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். பஸ்ஸும் லாரியுமாகப் போய்க்கொண்டிருந்தன. நடுநடுவே மோட்டார் சைக்கிள்கள்.

"ரோட்லதான்."

"அப்புறம் நீங்க ஏங்க இங்க நின்னு அழுதுட்டு இருக்கீங்க?"